பாட்டு ஒரே ஃபைலில் இல்லை: மின்னணு இசை செய்பவர்களுக்கு முழுமையான பேக்கப் வழிகாட்டி

குமாரபாளையத்தில் என் சித்தப்பாவின் தறிக்குடோனில் எட்டு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்றால் எல்லாம் ஒரே இரைச்சல். உள்ளே போய்ப் பத்து நிமிடம் காது கொடுத்தால், ஒவ்வொரு தறியும் பக்கத்துத் தறியைவிட ஒரு மயிரிழை முந்தியோ பிந்தியோ நாடாவை அடிப்பது கேட்கும். எட்டும் ஒருகணம் ஒன்றாகச் சேரும், உடனே பிரிந்துவிடும். அந்தச் சேர்க்கையும் பிரிவும்தான் எனக்கு வேண்டியிருந்தது. கையடக்க ரெக்கார்டரில் இரண்டு மணி நேரம் பதிவு செய்தேன். வெட்டி எடுத்த அடிகளையே டிரம்ஸாக வைத்து ஏபிள்டன் லைவ் என்ற இசை மென்பொருளில் ஒரு பாட்டுக் கட்டினேன்.

எட்டு மாதம் கழித்து எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ‘டிக், டிக்’ என்று அடிக்க ஆரம்பித்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கொடுத்தேன். மூன்றாம் நாள், “ஹெட்டு போயிடுச்சு சார், பிளாட்டர்லயும் கீறல் இருக்கு, ஒண்ணும் வராது” என்றார்கள். அப்போதும் நான் கலங்கவில்லை. பேக்கப் இருந்தது. சேமிக்கும்போதெல்லாம் ப்ராஜெக்ட் ஃபைலை கூகுள் டிரைவில் போட்டுவைத்திருந்தேன். வேறு லேப்டாப்பில் திறந்தேன். டிராக்குகள் இருந்தன, மிடி நோட்டுகள் (எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்புகள்) இருந்தன, ஒலி ஏறி இறங்குவதற்காக ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்த ஆட்டோமேஷன் கோடுகள் அத்தனையும் இருந்தன. திரையின் அடியில் ஆரஞ்சு நிறப் பட்டை: மீடியா ஃபைல்களைக் காணவில்லை. ப்ளே அழுத்தினேன். பேஸ் வந்தது, பேட் வந்தது, தறி இருந்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை.

அதற்குள் சித்தப்பா தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார். அந்தக் குடோனின் சத்தம் இன்று என்னிடம் நாற்பது நொடி மட்டும் இருக்கிறது, நண்பருக்கு அனுப்பிய வாட்ஸ்ஆப் குரல்பதிவாக.

நான் பேக்கப் எடுக்காமல் இல்லை. எதை எடுக்க வேண்டும் என்று தெரியாமல் எடுத்தேன். மின்னணு இசையில் ஒரு பாட்டு என்பது ப்ராஜெக்ட் ஃபைல், அது சுட்டிக்காட்டும் சாம்பிள்கள் (பதிந்த ஒலித் துண்டுகள்), ப்ளகின்கள் (மென்பொருளோடு சேரும் கருவிகளும் எஃபெக்டுகளும்), அவற்றின் பிரிசெட்டுகள் (சேமித்த அமைப்புகள்), வெளியே இருக்கும் சிந்தசைசரின் நினைவகம் என்று பல இடங்களில் சிதறிக் கிடக்கிறது. ஏபிள்டனின் ஏஎல்எஸ் ஃபைலுக்குள் ஒலி கிடையாது. ‘இந்த டிரைவில் இந்த ஃபோல்டரில் இந்த ஒலி இருக்கிறது’ என்கிற முகவரிகளும் அமைப்புகளும் சுருக்கப்பட்ட எக்ஸ்எம்எல்லாக அதில் இருக்கும், அவ்வளவுதான். முகவரியைப் பத்திரப்படுத்திவிட்டு வீட்டை விட்டுவிட்டேன்.

படி 1: போனால் திரும்ப வராதது எது?

டிஸ்க் வாங்கும் முன், ஆப் தேடும் முன், ஒரு தாளில் மூன்று பட்டியல் போடுங்கள்.

முதல் பட்டியல், உலகத்தில் உங்களிடம் மட்டுமே இருப்பவை: வெளியிடப் பதிவுகள், பாடகரின் குரல் டேக்குகள், நாதஸ்வரக்காரரை உட்காரவைத்துப் பதிந்தது, ப்ராஜெக்ட் ஃபைல்கள், நீங்களே செய்த பிரிசெட்டுகள். இரண்டாவது, திரும்பச் செய்யலாம் ஆனால் நாள்கணக்கில் உழைப்புப் பிடிக்கும்: மிக்ஸ், மாஸ்டர், தொகுத்து அடுக்கிய சாம்பிள் நூலகம். மூன்றாவது, மறுபடி டவுன்லோட் செய்யக்கூடியவை: ப்ளகின் இன்ஸ்டாலர்கள், காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் பேக்குகள், டாவோடு (லைவ் மாதிரியான இசை மென்பொருளோடு) வரும் ஒலிகள்.

பெரும்பாலானவர்களின் டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது மூன்றாவது பட்டியல்தான். ‘ஒரு டெராபைட்டை எங்கே பேக்கப் எடுப்பது’ என்று மலைத்து ஒன்றுமே செய்யாமல் விடுவதும் அதனால்தான். முதல் பட்டியலை மட்டும் கூட்டிப் பாருங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வாவ் என்றால் ஒரு நிமிடத்துக்கு 17 எம்பி சொச்சம். என் இரண்டு மணி நேரத் தறிப் பதிவு மொத்தமே 2 ஜிபிதான். ஒரு பென்டிரைவின் மூலையில் அடங்கியிருக்கும்.

மூன்றாவது பட்டியலுக்கு ஒலியைச் சேமிக்க வேண்டாம். ப்ளகின் பெயர், பதிப்பு எண், எந்த மின்னஞ்சலில் வாங்கினீர்கள், லைசன்ஸ் எண் ஆகியவற்றை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வையுங்கள். நிறுத்தப்பட்டுவிட்ட ப்ளகின் என்றால் மட்டும் இன்ஸ்டாலரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சிதறியதை ஒரே ஃபோல்டருக்குள் கொண்டுவாருங்கள்

இதை மட்டும் செய்திருந்தால் எனக்குத் தறி மிஞ்சியிருக்கும். பெரும்பாலான டாக்களில் இதற்கு ஒரு வசதி உண்டு.

ஏபிள்டன் லைவில் ஃபைல் மெனுவில் ‘கலெக்ட் ஆல் அண்ட் சேவ்’. அழுத்தியதும் எங்கிருந்தெல்லாம் எடுத்துவர வேண்டும் என்று கேட்கும்: வேறு இடத்து ஃபைல்கள், வேறு ப்ராஜெக்டுகளின் ஃபைல்கள், யூசர் லைப்ரரி, ஃபேக்டரி பேக்குகள். முதல் மூன்றுக்கும் கட்டாயம் ‘யெஸ்’. நான்காவதை இடம் இருந்தால் போடுங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் எக்ஸ்போர்ட் மெனுவில் ‘ஜிப்டு லூப் பேக்கேஜ்’, ப்ராஜெக்டையும் சாம்பிள்களையும் சேர்த்து ஒரே ஜிப்பாகக் கட்டித்தரும். லாஜிக் புரோவில் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்டின் கீழ் ‘கன்சாலிடேட்’. ரீப்பரில் ‘சேவ் அஸ்’ பெட்டியின் அடியில், மீடியா எல்லாவற்றையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குக் காப்பி செய் என்கிற கட்டம். பிட்விக்கில் ‘கலெக்ட் அண்ட் சேவ்’.

ஒரு ஓட்டை மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது. டா தன் கையில் இருக்கும் சாம்பிள்களைத்தான் சேகரிக்கும். சாம்பிள்களை வாசிக்கும் கான்டாக்ட் மாதிரியான ப்ளகினுக்குள் நீங்கள் இழுத்துப்போட்ட ஒலிகள் டாவின் கண்ணுக்குத் தெரியாது. கான்டாக்டில் இன்ஸ்ட்ருமென்டைச் சேமிக்கும்போது ‘பேட்ச் பிளஸ் சாம்பிள்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, அதை ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள். வேறு சாம்பிளர் ப்ளகின் பயன்படுத்தினால், அது ஒலியைத் தனக்குள் வைத்துக்கொள்கிறதா, முகவரியை மட்டும் வைத்திருக்கிறதா என்று ஒருமுறை சாம்பிளை வேறு இடத்துக்கு நகர்த்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

லைவ் ப்ராஜெக்டுக்குள் ‘பேக்அப்’ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். கடைசியாகச் சேமித்த பத்துப் பதிப்புகள் அதில் நிற்கும். நேற்றைய வேலையைக் கெடுத்துக்கொண்டால் அது கைகொடுக்கும், ஆனால் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் பத்தும் போகும்.

படி 3: பெயர் வைப்பது, அதிலும் தமிழில் பெயர் வைப்பது

தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் போட்டால் ஃபோல்டர்கள் தாமாகவே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். கூடவே வேகத்தையும் ஸ்ருதியையும் சேருங்கள்: ‘2023-11-04 தறி 112 டி மைனர்’ என்பதுபோல. ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’ என்ற பெயர்களை விட்டுவிட்டு 01, 02 என்று எண் போடுங்கள்.

தமிழ் எழுத்துகளில் ஃபைல் பெயர் வைப்பவர்கள் கவனிக்க ஒன்று உண்டு. நான் அடிபட்டுக் கற்றது. ‘டோ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக எழுதிவைக்க முடியும். ஓகாரத்தின் இரட்டைக்கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக வைக்கலாம், அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாக வைக்கலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கின் பழைய ஃபைல் அமைப்பான எச்எஃப்எஸ் பிளஸ் பிரித்துத்தான் வைக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தால் பொதுவாகச் சேர்ந்தே இருக்கும். ஆகவே ‘குடோன் 3’ என்ற சாம்பிள் மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போய் வரும்போது, கண்ணெதிரே ஃபைல் கிடந்தும் ‘காணவில்லை’ என்று டா சொல்லக்கூடும். பழைய ஜிப் மென்பொருள்கள் தமிழ்ப் பெயரை முற்றிலும் சிதைத்தும் விடுகின்றன.

தமிழை விட மனம் வராது, விடவும் வேண்டாம். பாட்டின் பெயரும் விவரமும் தமிழில் குறிப்பு ஃபைலுக்குள் இருக்கட்டும், சாம்பிளின் ஃபைல் பெயரை மட்டும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள்.

படி 4: முடிந்த பாட்டை ஒலியாக இறக்கிவையுங்கள்

ப்ராஜெக்ட் ஃபைல் நிரந்தரமானது இல்லை. 2019-இல் மேக் ஓஎஸ் கேட்டலினா வந்தபோது 32 பிட் ப்ளகின்கள் ஒரேயடியாக நின்றுபோயின. விஎஸ்டி 2 என்ற ப்ளகின் வடிவத்தை உருவாக்கிய ஸ்டைன்பெர்க்கே 2022-இல் அதைத் தன் மென்பொருள்களில் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. புதிய லைவில் சேமித்ததைப் பழைய லைவ் திறக்காது. ஆனால் வாவ் ஃபைலை எதில் வேண்டுமானாலும் திறக்கலாம்.

அதனால் பாட்டு முடிந்ததும் டிராக் ஒவ்வொன்றையும் தனித்தனி ஒலி ஃபைலாக, அதாவது ஸ்டெமாக, எடுங்கள். எல்லா ஸ்டெமும் முதல் பாரிலிருந்தே தொடங்க வேண்டும், நடுவில் வரும் ஒலியாக இருந்தாலும் சரி. அப்போதுதான் எந்த டாவில் வரிசையாகப் போட்டாலும் பொருந்தி நிற்கும். லைவில் எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘ஆல் இண்டிவிஜுவல் டிராக்ஸ்’ என்று தேர்ந்தெடுத்தால் ஒரே தடவையில் வந்துவிடும். முக்கியமான ஒலிகளுக்கு எஃபெக்டோடு ஒன்று, எஃபெக்ட் இல்லாமல் ஒன்று. மிடியைத் தனியாக ஏற்றுமதி செய்யுங்கள். மாஸ்டரில் கம்ப்ரஸர் போட்டிருந்தால் தனித்தனி ஸ்டெம்களைக் கூட்டினால் அதே மிக்ஸ் வராது. ஆகவே முழு மிக்ஸையும் ஒரு ஃபைலாகப் பக்கத்தில் வையுங்கள், ஒப்பிட உதவும்.

ஆறு நிமிடப் பாட்டு, 24 ஸ்டீரியோ ஸ்டெம் என்றால் கிட்டத்தட்ட 2.5 ஜிபி. இடம் நெருக்கினால் ஃபிளாக்காக மாற்றலாம். ஒலியில் ஒரு துளியும் குறையாமல் அளவு கணிசமாகச் சுருங்கும். 32 பிட் ஃப்ளோட்டில் பதிந்ததை மட்டும் ஃபிளாக்காக்க வேண்டாம், அந்த வடிவத்தை ஃபிளாக் தாங்காது. எம்பி3 கேட்பதற்கு, காப்பதற்கு அல்ல.

கடைசியாக அதே ஃபோல்டரில் ஒரு குறிப்பு: வேகம், ஸ்ருதி, சாம்பிள் ரேட், பயன்படுத்திய ப்ளகின்கள், யார் பாடியது, எங்கே பதிந்தது.

படி 5: கணினிக்கு வெளியே இருக்கும் ஒலிகள்

ஹார்ட்வேர் சிந்தசைசர் வைத்திருப்பவர்கள் இதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 32 ஒலிகளும் உள்ளே இருக்கும் ஒரு சிறு லித்தியம் பேட்டரியின் தயவில்தான் உயிரோடு இருக்கின்றன. பேட்டரி தீர்ந்தால் நீங்கள் பல வருடம் செதுக்கிய ஒலிகள் குப்பையாக மாறிவிடும். அத்தனை ஒலிகளையும் மிடி கேபிள் வழியாக ஒரே சிஸெக்ஸ் ஃபைலாக (கருவியின் அமைப்புகளை மிடியில் அனுப்பும் வடிவம்) கணினிக்கு அனுப்பலாம். அதன் அளவு 4,104 பைட். மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட் என்பதால், ஒன்றரை நொடிக்குள் முடிந்துவிடும் வேலை. விண்டோஸில் ‘மிடி-ஆக்ஸ்’, மேக்கில் ‘சிஸெக்ஸ் லைப்ரேரியன்’ போதும். டிஎக்ஸ்7-இல் ‘சிஸ் இன்ஃபோ’ அமைப்பை ‘அவெய்ல்’ என்று மாற்றினால்தான் அனுப்பும். திரும்ப ஏற்றும்போது ‘மெமரி ப்ரொடெக்ட்’ அணைந்திருக்க வேண்டும்.

எலெக்ட்ரான் கருவிகளுக்கு அந்நிறுவனமே தரும் ‘ட்ரான்ஸ்ஃபர்’ மென்பொருள் இருக்கிறது. எஸ்டி கார்டு போடும் கருவிகள் என்றால் கார்டை முழுதாகக் கணினிக்குக் காப்பி செய்யுங்கள். வயர்களால் இணைத்து ஒலி செய்யும் மாடுலர் சிந்தசைசருக்குப் பொதுவாக நினைவகமே கிடையாது. வயர்களோடு ஒரு புகைப்படம், குமிழ்களின் நிலை தெரிய இன்னொரு புகைப்படம், அந்த ஒலியின் ஐந்து நிமிடப் பதிவு. மூன்றையும் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் போடுங்கள்.

படி 6: மூன்று பிரதி, இரண்டு வகை, ஒன்று வீட்டுக்கு வெளியே

3-2-1 என்று சொல்வார்கள். பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய கணக்கு இது. மூன்று பிரதிகள், இரண்டு வேறு வகைச் சாதனங்களில், அதில் ஒன்று வேறு ஊரில் அல்லது குறைந்தது வேறு வீட்டில்.

முதல் பிரதி நீங்கள் வேலை செய்யும் கணினி. இரண்டாவது எக்ஸ்டர்னல் டிஸ்க். அலமாரியில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கப்போகிறது என்றால் எஸ்எஸ்டியைவிட ஹார்ட் டிஸ்க்கையே தேர்ந்தெடுங்கள். எஸ்எஸ்டி தரவை மின்னூட்டமாகப் பிடித்துவைக்கிறது. மின்சாரமே இல்லாமல் நீண்ட காலம் கிடந்தால், அதுவும் வெக்கையில் கிடந்தால், அது கசியும். எஸ்எஸ்டி வேலை செய்வதற்கு, ஹார்ட் டிஸ்க் வைத்துக்கொள்வதற்கு. மேக், விண்டோஸ் இரண்டிலும் ஓட எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்பவர்கள், ‘எஜெக்ட்’ கொடுக்காமல் கேபிளைப் பிடுங்கவே கூடாது. எழுதும் நடுவில் கரண்ட் போனாலும் அதே ஆபத்துதான். யுபிஎஸ் இல்லாத வீட்டில், லேப்டாப்பின் பேட்டரியில் ஓடும் சின்ன டிஸ்க்கே மேல்.

வேலை முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கணினிக்குள் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தால் மாட்டியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிவிடும். நம் ஆட்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ஸ்டாப்’ என்ற ரான்சம்வேர் குடும்பம் பரவிய முக்கியமான வழியே கிராக் செய்த மென்பொருள்தான். இலவசமாக வந்த ஒரு ப்ளகினுக்கு மொத்த இசையையும் விலையாகக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவது பிரதி வீட்டுக்கு வெளியே. 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது கணினியும் அதன் பக்கத்திலேயே இருந்த பேக்கப் டிஸ்க்கும் சேர்ந்தேதான் நனைந்தன. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே. ஊரில் அம்மா வீட்டு பீரோவில் ஒரு டிஸ்க், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது மாற்றிவருவது என்பது நல்ல ஏற்பாடு. அல்லது கிளவுட். கூகுளின் இலவச 15 ஜிபியில் மேலே சொன்ன அளவில் ஆறு பாட்டு நிற்கும், அதுவும் ஜிமெயிலோடும் புகைப்படங்களோடும் பங்குபோட்டு. முதல் பட்டியல் பெரிதானால் காசு கொடுத்து வாங்குங்கள். 40 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 200 ஜிபி ஏற 11 மணி நேரம் ஆகும், இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம்.

ஆனால் சிங்க் (இரு இடத்து ஃபைல்களையும் எப்போதும் ஒன்றுபோல் வைத்திருப்பது) வேறு, பேக்கப் வேறு. சிங்க் ஃபோல்டரில் தவறி அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாளில் காலியாகிவிடும். அழிந்தது தெரியவர நமக்கு ஆறு மாதம் ஆகலாம். விண்டோஸில் டாகுமென்ட்ஸ் ஃபோல்டர் உங்களுக்குத் தெரியாமலே ஒன்டிரைவுக்குள் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். போயிருந்தால் சில சாம்பிள்கள் பெயராக மட்டும் கணினியில் இருந்து, இன்டர்நெட் இல்லாத மேடையில் காலை வாரும். ப்ராஜெக்டைச் சாதாரண ஃபோல்டரில் வைத்து வேலை செய்து, முடிந்தபின் மேலே ஏற்றுங்கள்.

பாட்டை வெளியிட்ட தளத்தில்தான் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு மைஸ்பேஸ் என்ற பழைய சமூக வலைத்தளம் ஒரு பாடம். 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட இசை, சர்வர் மாற்றும்போது போய்விட்டதாக 2019-இல் தெரியவந்தது. 1 கோடியே 40 லட்சம் கலைஞர்களின் 5 கோடிக்கும் மேற்பட்ட பாடல்கள் என்று அப்போது செய்தி வந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் பின்னர் மீட்டுத் தந்தது சுமார் 4,90,000. எத்தனையோ பேரின் முதல் பாட்டு அதில் இருந்திருக்கும்.

காப்பி செய்வதைக் கையால் செய்யாதீர்கள். மேக்கில் டைம் மெஷின், விண்டோஸில் ஃபைல் ஹிஸ்டரி, இரண்டிலும் ஓடும் இலவசமான ஃப்ரீஃபைல்சிங்க், எது பழக்கமோ அது. பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி இயங்குகிறதா என்பது முக்கியம்.

படி 7: காப்பி ஆனது அதேதானா?

பிரதி எடுக்கும்போது ஒரு பிட் மாறினாலும் யாரும் சொல்லமாட்டார்கள். ஃபைலுக்கு எஸ்எச்ஏ-256 செக்சம் (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் வைத்தால், அடுத்த வருடம் மறுபடி எடுத்து ஒப்பிடலாம். ஃபிளாக்கில் இந்த வேலை பாதி முடிந்தே இருக்கிறது. மூல ஒலியின் எம்டி5 கையெழுத்து ஃபைலுக்குள்ளேயே இருப்பதால், சோதனை செய்யச் சொன்னால் கெட்டதா நல்லதா என்று அதுவே சொல்லிவிடும். மறுபடி பதிய முடியாத பதிவுகளை நான் ஃபிளாக்கில் வைக்க இதுவே காரணம்.

படி 8: திறந்து பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு பாட்டை எடுத்து, உங்கள் கணினி அல்லாத வேறொன்றில், இன்டர்நெட்டை அணைத்துவிட்டுத் திறங்கள். உங்கள் கணினியிலேயே சோதித்தால் டா பழைய முகவரியில் இருக்கும் சாம்பிளை எடுத்துக்கொண்டு ‘எல்லாம் சரி’ என்று ஏமாற்றும். வேறு கணினி கிடைக்காவிட்டால், சாம்பிள் ஃபோல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டுச் சோதியுங்கள். முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பழைய முழு மிக்ஸைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள்.

சென்ற வருடம் பள்ளிபாளையத்தில் வேறொருவரின் குடோனில் அனுமதி கேட்டுப் புதிதாகப் பதிவு செய்தேன். அங்கே ஆறு தறி. சித்தப்பாவின் தறிகள் மாதிரி இல்லை, அடி கனமாக விழுகிறது, பழைய பாட்டுக்குள் அது உட்காரவில்லை. புதுப் பாட்டாக முடித்து, மேலே சொன்னபடி எல்லாம் செய்து, தங்கையின் லேப்டாப்பில் முதல் சோதனை வைத்தேன். அதே ஆரஞ்சுப் பட்டை. வயிற்றைப் பிசைந்தது. காணாமல் போனது ஒரே ஒரு சாம்பிள், பெயர் ‘குடோன் 3’. ஃபைல் ஃபோல்டரிலேயே கிடந்தது. படி 3-இல் எழுதியது அன்று இரவு கண்டுபிடித்ததுதான். பெயரை மாற்றிச் சேகரித்து, மறுநாள் மறுபடி அதே லேப்டாப்பில் திறந்தேன். பட்டை இல்லை. ஆறு தறியும் ஓடின.

டிஸ்க்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, மேலே ஒட்டிய தாளில் சோதித்த தேதியையும் உள்ளே இருக்கும் பாட்டுகளின் பெயரையும் எழுதினேன். நான் இல்லாத நேரத்தில் தங்கையே திறக்க வேண்டிவந்தால் எப்படித் திறப்பது என்பதையும் அடியில் நாலு வரியில் எழுதினேன். அடுத்த சோதனைக்கான தேதி செல்போனில் இருக்கிறது.